நேர் விற்பனைக் கணக்கு

பயிரிடக் கற்றோம், விற்கக் கற்றோமில்லை. காய்கறி விளைவிக்கும் சிறு குடியானவர் மண்டிக்காரரிடம் முன்பணம் பெறுவாராயின், விலை பேசும் உரிமை விதைக்கும் நாளிலேயே அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது.

இக்குறையை நீக்கும்பொருட்டுப் பஞ்சாபில் 1987ஆம் ஆண்டு ‘அப்னி மண்டி’ ஏற்பட்டது. 1999 ஜனவரியில் ஆந்திர தேசத்தில் ‘ரைது பஜார்’ தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 14ஆந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பெற்றது. அடையாள அட்டை பெற்ற உழவரே அங்கு விற்கலாம், இடைத்தரகருக்கு இடமில்லை, தராசு இலவசம். மொத்த விலைக்குச் சுமார் நூற்றுக்கு 20 மேலாகவும், சில்லறை விலைக்கு 15 குறைவாகவும் நாள்தோறும் விலை குறிப்பது அதன் முறை.

இதனால் மிகுவது எவ்வளவு? உதாரணமாக, 40 கிலோ கத்தரிக்காயும், கிலோவுக்கு 20 ரூபாய் மொத்த விலையும் எனக் கொள்வோம். மண்டியில் கிரயம் 800. தரகு 80, வண்டிச் சத்தம் 40 போகக் கைக்கு வருவது 680. உழவர் சந்தையில் விலை 24. முழுவதும் விற்றால் 960. வண்டிச் சத்தம் 60 போக 900. ஆனால் 5 கிலோ விலைபோகாது வாடிவிட்டால் வரவு 840; கைக்கு வருவது 780 மட்டுமே. அதாவது, மண்டியைவிட மிகுவது 100 ரூபாய். அது காலை முழுவதும் அமர்ந்து விற்றவருக்குரிய கூலியேயாம்.

ஆகவே, நேர் விற்பனையென்பது தரகர் லாபத்தை வாளாவிருந்து பெறுவதன்று. அவர் செய்த வேலையை நாமே செய்து அதன் கூலியைப் பெறுவதாகும். அக்கூலி மிகுவதற்கு வழிகள் மூன்று:

1. ஒரே நாளில் முழுவதும் நடாமல், பதினைந்து நாள் இடைவிட்டுப் பாத்தி பாத்தியாக நடுக. அன்றன்று விற்கக்கூடிய அளவே பறிக்கலாம்.

2. அண்டை வயல்காரர் வெவ்வேறு காய்களைப் பயிரிட்டு, ஒரே வண்டியில் ஏற்றிச் சென்று, சத்தத்தைப் பகிர்ந்துகொள்க.

3. விதைக்கும், உரத்துக்கும் வேண்டும் தொகையைச் சங்கத்தில் கடனாகப் பெறுக. முன்பணத்தால் கட்டுண்டவருக்குச் சந்தை திறந்திருந்தும் பயனில்லை.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை: நம்மூரில் மண்டி முன்பணம் பெற்றவர் எத்தனை பேர்? அவர்களை விடுவிக்கச் சங்கத்துக்கு எவ்வளவு தொகை வேண்டும்? முதற்கண் இக்கணக்கைப் போடுவோமாக.