மோதக அச்சில் கிறிஸ்துமஸ் மரம்

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. எங்கள் பெரம்பூர் தெருவில் மரங்கள் வேரோடு சாய்ந்து, கம்பிகள் அறுந்து, ஐந்து நாள் கரண்ட் இல்லை. ஆறாம் நாள் வந்தது. வந்த வேகத்தில் என் புது ஓடிஜியின் காயிலைப் பொசுக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஜனவரியில பார்க்கலாம்மா" என்று போய்விட்டார். பணமதிப்பு நீக்கம் வந்து ஏடிஎம் வாசலில் எல்லோரும் வரிசையில் நின்ற டிசம்பர் அது. வேறு ஓடிஜி வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அக்டோபரிலேயே ஊறப்போட்ட திராட்சையும் செர்ரியும் ஜாடியில் இருந்தன. எங்கள் நாகர்கோவில் பக்கம் கேக் மாவை வீட்டில் கலந்து, தட்டோடு பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வருவது பழைய வழக்கம். அந்த ஞாபகத்தில் இங்கேயும் ஒரு பேக்கரியில் கெஞ்சிக் கூத்தாடி மூன்று தட்டு கொடுத்தேன். மூன்றும் அடிப்பக்கம் கரியாகத் திரும்பி வந்தன. கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது, அக்கம்பக்கத்துத் தட்டில் என்ன வைப்பது?

அம்மாவுக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். "அடுப்பும் உருளியும் இருக்குல்லா? பெறவென்ன மக்ளே" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் கேஸ் அடுப்பில்தான். "அவன் இல்லாமலும் சந்தோஷமா வாழலாம்னு காட்டிட்டே" என்று தங்கை கிண்டலடிப்பாள். அவள் சொல்வது மின் அடுப்பை. என் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அம்மா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள்: "தண்ணி வத்தாம எறக்கீராத." அப்போது சும்மா தலையாட்டினேன். அதன் அர்த்தம் புரிய நான்கு டிசம்பர் ஆயிற்று. மாவுப் பலகாரத்தை அவனில் வைத்தால் சூடே ஈரத்தை வெளியேற்றிவிடும். அவன் இல்லாத இனிப்பில் அந்த வேலை முழுக்க நம் கரண்டியின் தலையில் விழுகிறது. அதுவும் நம் ஊரில் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. காற்றே நனைந்திருக்கும். சர்க்கரைக்கோ அந்த ஈரத்தை உறிஞ்சுவதென்றால் கொள்ளை ஆசை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பை அப்படியே பார்த்துச் செய்து, மறுநாள் டப்பாவைத் திறந்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கிடப்பதைப் பார்த்து நொந்துபோனது நான் மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

முதல் வருஷம் துணிந்து செய்தது தேங்காய் மிட்டாய். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூடச் செய்வதுதான், ஆனால் இளஞ்சிவப்பு ஒரு அடுக்கு, வெள்ளை ஒரு அடுக்கு என்று போட்டுவிட்டால் அது கிறிஸ்துமஸ் மிட்டாய். தேங்காய்த் துருவல் இரண்டு கப், சர்க்கரை ஒன்றரைக் கப், பால் கால் கப், இரண்டு ஏலக்காய், ஒரு கரண்டி நெய். துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்பு விழாமல் வெள்ளையை மட்டும் எடுக்க வேண்டும். பழுப்பு விழுந்தால் ருசி கெடாது, ஆனால் சிவப்பு நிறம் அழுக்குச் செங்கல் மாதிரி ஆகிவிடும்.

இதில் பாகுப் பதம் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நடுத்தரத் தீயில் கிளறினால் போதும். எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். முதலில் சர்க்கரை இளகிக் கூழாகும். கொஞ்ச நேரத்தில் பெரிய பெரிய குமிழாகக் கொதிக்கும். பிறகு குமிழ் சிறுத்து, கரண்டிக்குப் பின்னால் கலவை சேர்ந்தாற்போல் நகரும். ஆசைப்பட்டு இங்கே இறக்கினால் அல்வா மாதிரி ஆகும், துண்டு போட வராது. இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கைவிடாமல் கிளறிக்கொண்டே இருங்கள். உருளியின் ஓரத்தில் கலவை பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகக் காய்ந்து படியும். கிளறும் சத்தமும் மாறும், ஈரச் 'சளக் சளக்' போய் மணல் உரசுவது போலக் கேட்கும். அந்த நொடியில் நெய் தடவிய தட்டில் கொட்டிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் உதிர்ந்து பொடியாகிவிடும். பொடியானால் அழ வேண்டாம். இரண்டு கரண்டி பால் தெளித்து மறுபடி அடுப்பேற்றினால் திரும்பிவிடும். மழை பெய்கிற நாளில் நான் வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாகக் கிளறுவேன். சூடு அடங்குவதற்குள் கத்தியால் கோடு போட்டுவிடுங்கள், ஆறினபின் வெட்டினால் மூலை உடையும்.

முந்திரி மார்சிபான் எனக்கு மேல்வீட்டு ஆன்ட்டி சொல்லிக்கொடுத்தது. பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. ஐரோப்பாவில் மார்சிபான் என்றால் பாதாம். ஜெர்மனியில் லூபெக் நகரத்துக்கு அதனாலேயே பெயர். இங்கே பாதாம் விற்கிற விலையில் கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் முந்திரிக்கு மாறிக்கொண்டார்கள். அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து இறக்கியதுதான். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அண்டிப்பருப்பு. உடைத்துத் தொலிக்கும் தொழிற்சாலையை அண்டி ஆபீஸ் என்போம். அங்கிருந்து வரும் உடைந்த பருப்பை அம்மா அனுப்பி வைப்பாள். அரைக்கத்தானே போகிறோம், முழுப் பருப்புக்கு எதற்குக் காசு?

கால் கிலோ முந்திரிக்கு 200 கிராம் சர்க்கரை, 80 மில்லி தண்ணீர். ஃப்ரிட்ஜில் வைத்த முந்திரியானால் எடுத்து இரண்டு மணி நேரம் வெளியே வைத்த பிறகுதான் மிக்ஸியில் போட வேண்டும், இல்லாவிட்டால் மேலே வியர்த்த நீர் மாவில் சேரும். ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி அரையுங்கள். ஒரே மூச்சாக ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். சலித்த பிறகு, சர்க்கரையை ஒரு கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி, மாவைக் கொட்டி, சிறுதீயில் சுருளக் கிளற வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினால் விரலில் ஒட்டாமல் உருண்டையாக நிற்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு டீஸ்பூன் பன்னீர், பாதாம் எசென்ஸ் இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டு விழுந்தால் இருமல் மருந்து வாசம் வந்துவிடும், சொல்லிவிட்டேன்.

"இது காஜு கத்லிதானே?" என்று எல்லோரும் கேட்பார்கள். முக்கால்வாசி அதுதான். பன்னீரும் எசென்ஸும் நிறமும் அச்சும் சேர்ந்து கிறிஸ்துமஸ் ஆக்குகின்றன. ஆன்ட்டி வீட்டுப் பழைய குறிப்பில் ஐசிங் சர்க்கரையும் பச்சை முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, அடுப்பே வைக்காமல் பிசைவார்கள். சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் சாப்பிடும் தட்டில் பச்சை முட்டை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதோடு காய்ச்சிய பாகில் செய்தது கூடுதல் நாள் நிற்கிறது.

நிறத்தில் ஒரு தப்பு செய்தேன். இயற்கையாக இருக்கட்டும் என்று பீட்ரூட் சாறு விட்டுப் பிசைந்தேன். மாவு சப்பாத்தி மாவாக இளகி, அச்சில் பிடித்துக்கொண்டு வெளியே வர மறுத்தது. சாறாகட்டும், தண்ணீர் நிறமாகட்டும், அதில் இருப்பது நீர். ஜெல் நிறமோ பொடியோ ஊசி முனையில் தொட்டுப் போட்டால் போதும்.

ஆன்ட்டி வைத்திருந்த ரப்பர் அச்சுகள் எல்லாம் நட்சத்திரம், ஆப்பிள், மீன். மரம் மட்டும் இல்லை. எதிர்வீட்டு மாமியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்காத்துல மோதக அச்சுதான் இருக்கு, வேணுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் வாங்கி வந்தேன். பச்சை மார்சிபானை அதில் அழுத்தி எடுத்தேன். மேலே கூராக, சுற்றிலும் மடிப்பு மடிப்பாக, அச்சு அசல் கிறிஸ்துமஸ் மரம். ஐசிங் சர்க்கரையைச் சலித்துத் தூவினால் பனியும் விழுந்துவிட்டது. அதைப் பார்த்த மேல்வீட்டு ஆன்ட்டி, "வாட் மென், பிள்ளையார் ட்ரீயா!" என்று சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரை கேட்டது. மாமிக்கு முதல் தட்டு போனது. அச்சை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை, நானும் கொடுக்கவில்லை.

கொய்யா சீஸ் பெயரில்தான் சீஸ். கோவாவில் இதைப் பெராட் என்பார்கள். நமக்குக் கொய்யா மலிந்து வரும் பருவமும் கிறிஸ்துமஸும் ஒன்றாகவே வருவது நல்வாய்ப்பு. கோயம்பேட்டில் ஆயக்குடிக் கொய்யா என்று கேட்டு வாங்குவேன். உள்ளே சிவந்த பழமானால் நிறம் சேர்க்கவே வேண்டாம். முதல் தடவை ஒரு கிலோ பழத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் வேகவைத்தேன். அந்த இரண்டு டம்ளரையும் வற்றவைக்க இரண்டு மணி நேரம் நின்றேன், தோள்பட்டை கழன்றுவிட்டது. இப்போது இட்லித் தட்டில் ஆவியில்தான். மசித்து, விதை போகச் சலித்து, கூழை எடை போட்டு, அதில் முக்கால் பங்கு சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு, 50 கிராம் வெண்ணெய். கொய்யாவில் பெக்டின் நிறைய உண்டு, எலுமிச்சைப் புளிப்பு அதை இறுக்கிக் கொடுக்கும். ஜெலட்டினெல்லாம் எதற்கு?

ஒரு எச்சரிக்கை. கெட்டியாகத் தொடங்கியதும் இது எரிமலை மாதிரி தெறிக்கும். என் இடது மணிக்கட்டில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. நீளக் காம்பு மரக்கரண்டி, கையில் சுற்றிய துண்டு, பிள்ளைகள் சமையலறைக்கு வெளியே. கலவை பாத்திரத்தின் பக்கங்களை விட்டுக் கழன்று ஒரே பந்தாகச் சுழலும்போது, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஆறியதும் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் துண்டு போடலாம். சரியாக வற்றியிருந்தால் வாரக்கணக்கில் கெடாது. அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுவேன். தேங்காய் மிட்டாய் 22ஆம் தேதிக்கு முன்னால் கிடையாது.

சாக்லேட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. நல்ல சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் குறைவிலேயே உருகிவிடும். சென்னைத் தட்டில் வைத்து நாலு வீடு போவதற்குள் அது களிம்பு. ஆனாலும் பிள்ளைகள் விடுவதில்லை என்பதால் மாரி பிஸ்கட்டை உடைத்துப் போட்டு ஒரு ரோல் செய்வேன். அந்தப் பிஸ்கட்டே ஒரு கல்யாணப் பலகாரம் என்பது பலருக்குத் தெரியாது. 1874இல் ரஷ்ய இளவரசி மரியாவின் திருமணத்தையொட்டி லண்டன் கம்பெனி ஒன்று செய்தது. சாக்லேட்டை உருக்க, கொதிக்கும் தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்திருந்தேன். மூடியிலிருந்து ஆவி நீர் ஒரே ஒரு சொட்டு விழுந்தது. பளபளவென்று இருந்தது கண்ணெதிரே மண்ணாக இறுகிப்போனது. ஒரு சொட்டுத்தான் கெடுக்கும், நிறைய விட்டால் பிழைக்கும்: சூடான பாலையோ க்ரீமையோ கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினால் குழைந்துவிடும். பிறகு அது உருக்கிய சாக்லேட் ஆகாது, ஊற்றிச் சாப்பிடும் சாஸ்தான். அன்று பிஸ்கட் அதில் மூழ்கியது, பிள்ளைகள் ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டார்கள்.

நேரமே இல்லாதவர்களுக்கு ஒன்று. கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், கோகோ பவுடர் மூன்று டேபிள்ஸ்பூன், வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். அடி கனத்த பாத்திரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறி, கரண்டியால் வழித்தால் பாத்திரத்தின் அடி தெரியும்போது இறக்கி, ஆறவைத்து, கையில் வெண்ணெய் தொட்டு உருட்டுங்கள். பிரேசிலில் இதற்கு பிரிகடெய்ரோ என்று பெயர், 1945 அதிபர் தேர்தலில் நின்ற பிரிகேடியர் எட்வர்டோ கோமஸின் பேரால் வந்தது. முந்திரியைத் தந்த அதே பிரேசில்தான். அவர் தேர்தலில் தோற்றுப்போனார், உருண்டை ஜெயித்துவிட்டது.

செய்து முடித்ததும் ஃப்ரிட்ஜில் அடுக்காதீர்கள். முதல் வருஷ மார்சிபானை அப்படித்தான் கெடுத்தேன். வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம் எல்லாம் வியர்த்து, மரத்தின் பச்சை நட்சத்திரத்தின் மஞ்சளில் இறங்கிவிட்டது. நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் போட்டு, வெளியேதான் வைக்க வேண்டும். பிரிகடெய்ரோவுக்கும் பிஸ்கட் ரோலுக்கும் மட்டும் ஃப்ரிட்ஜ். அவையும் பரிமாறும் நேரம் வரை மூடியே இருக்கட்டும். மழை நாளில் டப்பாவை ஆளாளுக்குத் திறந்து பார்ப்பதைத் தடுக்க எனக்கு இதுவரை வழி தெரியவில்லை.

அந்த ஓடிஜி இன்னும் இருக்கிறது. காயில் மாற்றவேயில்லை. கதவு நன்றாக இறுக மூடும் என்பதால் டிசம்பர் முழுக்க டப்பாக்களை அதற்குள்தான் அடுக்கி வைக்கிறேன். இதுவரை ஒரு எறும்பு ஏறியதில்லை.