கார்ட்ரிட்ஜில் எத்தனை மில்லி இங்க்?

எங்கள் ஊர் குள்ளஞ்சாவடி. 2008-ல் எதிர்வீட்டு அக்கா, மகளின் பிளஸ் டூ பிராஜெக்டுக்காக எச்.பி. டெஸ்க்ஜெட் 3940 பிரிண்டர் வாங்கினார். கருப்பு இங்க் தீர்ந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, புது கார்ட்ரிட்ஜ் டப்பாவுல அஞ்சு மில்லின்னுதான் போட்டிருக்கு. கடைக்காரர் ரீஃபில்னா பத்து மில்லி ஊத்துறேங்கிறாரு. அது எப்படிப்பா?" என்று கேட்டார்.

நியாயமான சந்தேகம்தான். அந்த பிரிண்டரில் போடுவது எச்.பி. 21 என்ற கார்ட்ரிட்ஜ். அதில் 5 மில்லி இங்க், சுமார் 190 பக்கம் வரும் என்பது கம்பெனி கணக்கு. அதே இடத்தில் பொருந்தும் 21 எக்ஸ்.எல். கார்ட்ரிட்ஜில் 12 மில்லி, 475 பக்கம். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.026 மில்லிதான் செலவாகிறது. ஆக, கூடு ஒன்றுதான்; உள்ளே ஊற்றும் அளவுதான் வேறு. (பக்கத்தில் 5 சதவீத இடத்தில் மட்டும் எழுத்து இருந்தால்தான் இந்தக் கணக்கு. படம் போட்டால் பாதிகூட வராது.)

பத்து மில்லி என்றால் 380 பக்கம் வரவேண்டும். அக்காவும் இதை நம்பி, மகளின் தோழிகள் மூன்று பேருடைய பிராஜெக்டையும் அச்சடித்துத் தர ஒப்புக்கொண்டுவிட்டார். மறுநாள் காலை பள்ளியில் கொடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு, இருநூற்றுச் சொச்சம் பக்கத்திலேயே எழுத்து வெளிறிவிட்டது. பயத்தில் திரும்பத் திரும்ப பிரிண்ட் கொடுத்திருக்கிறார்கள். அதோடு கார்ட்ரிட்ஜே போய்விட்டது.

ஏன் போயிற்று? இந்த வகை கார்ட்ரிட்ஜின் அடியிலேயே பிரிண்ட் ஹெட் இருக்கிறது. நுண்ணிய ஹீட்டர்கள் இங்க்கை நொடியில் கொதிக்க வைத்துத் துளியாகத் தெறிக்க விடும். அந்த ஹீட்டரைக் குளிர்விப்பதும் அதே இங்க்தான். வறண்ட நிலையில் ஓட்டினால் கருகிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. எழுத்து வெளிற ஆரம்பித்த உடனே நிறுத்திவிட வேண்டும்.

'கம்ப்யூட்டரில் இங்க் லெவல் காட்டுமே' என்பீர்கள். இந்த வகை பிரிண்டர் இங்க்கை அளந்து பார்ப்பதில்லை. எத்தனை துளி தெறித்தது என்று எண்ணிக் கழித்துக்கொண்டே வரும். கார்ட்ரிட்ஜில் மறுபடி ஊற்றியது அதற்குத் தெரியாது. 'காலி' என்றே காட்டும்.

அப்படியானால் ரீஃபில்லில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவது? எடை போடுவதுதான் வழி. அடுத்த முறை நானே அக்காவுடன் போனேன். நகைக்கடைத் தராசில் காலி கார்ட்ரிட்ஜை நிறுத்தேன், ரீஃபில் செய்ததும் மறுபடி நிறுத்தேன். கூடியிருந்தது 6 கிராம்தான்! ஒரு மில்லி இங்க் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கும் என்பதால், 6 மில்லிகூட இல்லை. இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் நின்றதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

கடைக்காரரையே குறை சொல்லவும் முடியாது. உள்ளே இருப்பது பஞ்சு. அது கொள்ளும் அளவுக்கு மேல் ஊற்றினால் அடியில் ஒழுகும். ஓரளவு காய்ந்த பஞ்சு அவ்வளவு சீக்கிரம் இங்க்கை இழுக்காது. எனவே காலியான அன்றே ரீஃபில்லுக்குக் கொடுங்கள். வீட்டில் நீங்களே ஊற்றுவதாக இருந்தால் சிரிஞ்சை மெதுவாக அழுத்தி, மேலே இங்க் தெரிந்ததும் நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சி விடுங்கள். எச்.பி. 21-க்கு பிக்மென்ட் இங்க்தான் என்று கேட்டு வாங்குங்கள். டை இங்க் என்றால் ஈரக்கை பட்டாலே எழுத்து கரையும்.

2010 அக்டோபரில் எப்சன் கம்பெனி இந்தோனேசியாவில் இங்க் டேங்க் பிரிண்டரை முதலில் விற்பனைக்கு விட்டது. அதன் 664 கருப்பு பாட்டிலில் 70 மில்லி, சுமார் 4000 பக்கம். டேங்க் வழியே இங்க் மட்டம் கண்ணுக்கே தெரியும். அக்கா இப்போது வைத்திருப்பது அந்த வகைதான். தராசைத் தேடிப் போவதில்லை.