கறுப்பாய், பாரமாய் ஒரு கல்

புதிய காணியில் கிணறு வெட்டும்போதோ ஆற்று மணல் அள்ளும்போதோ கறுப்பாக, உலோகம் போன்ற மினுக்கத்துடன், கையைத் தாழ்த்தும் பாரமான கல் ஒன்று அகப்படுவதுண்டு. ஊரை விட்டு வந்து கையில் காசில்லாமல் இருக்கும் காலத்தில் அதைக் கண்டதும் மனம் எங்கெல்லாமோ ஓடும். சொற்ப விலைக்குக் கேட்டு ஒருவர் வருவார். "சோதித்துத் தருகிறேன், செலவுக்குப் பணம் தாருங்கள்" என்று இன்னொருவர் வருவார். இருவரிடமும் ஏமாறாமல் இருக்க, நாமே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகளை இப்பாடத்தில் படிப்போம். இதற்கு நமது நாட்டிலேயே முதன்முதலில் இனங்காணப்பட்ட தோரியனைற் என்னும் அரிய கனியத்தை எடுத்துக்கொள்வோம்.

கலை ஆராய்ச்சியாளராக நாம் அறிந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் முதலில் ஒரு புவியியல் அறிஞர். இலங்கையின் கனிய அளவைப் பணிக்குப் பொறுப்பாக இருந்தபோது, 1904இல், பலாங்கொடைப் பகுதியில் மாணிக்கக் கல் அரிக்கும் சரளையில் கிடைத்த சிறிய கறுப்புக் கற்களைக் கவனித்தார். யுரேனியம் கொண்ட யுரேனினைற் என்றே முதலில் கருதினார். இங்கிலாந்தில் டன்ஸ்ரன் என்ற இரசாயன அறிஞர் பகுத்துப் பார்த்தபோதுதான், நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு உள்ள புதிய கனியம் என்பது தெரிந்தது. பெற்றோமக்ஸ் விளக்கில் கட்டும் மென்ரில் வெண்மையாக ஒளிர்வதற்கு அக்காலத்தில் சேர்க்கப்பட்டது இந்தத் தோரியந்தான்.

படித்த அறிஞரின் கண்ணே முதலில் பிழைத்தது என்றால் நமது கண் எம்மாத்திரம்? ஆகவே நமது சோதனைகள் "இது அல்ல" என்று கழிப்பதற்கே உதவும். "இதுதான்" என்று முடிவுசெய்ய ஆய்வுகூடம் வேண்டும்.

முதலில் காந்தம். பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் உள்ள காந்தம் போதும். கல் பாய்ந்து ஒட்டினால் அது பெரும்பாலும் மக்னரைற் என்னும் இரும்புத் தாது, அல்லது வெறும் இரும்புத் துண்டு. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் செம்புடன் சேர்ந்து மக்னரைற் உண்டு. புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைற். அது காந்தத்துக்கு மெதுவாகவே அசையும். தோரியனைற் ஒட்டாது. காகிதத்தில் தேய்த்ததும் பென்சில் போல எழுதினால் அது காரீயம்; அதைத் தூக்கினாலே இலேசாக இருக்கும்.

அடுத்தது பாரம். இதுவே மிக முக்கியமான சோதனை. நகை செய்பவரின் தராசில் கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்ந்திருக்க, பாத்திரத்தின் அடியில் முட்டாதபடி தொங்கவிட்டு மீண்டும் நிறுங்கள். முதல் நிறையை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தால் பிரியுங்கள். வெளியில் 3.8 கிராம், தண்ணீரில் 3.4 கிராம் என்றால் வித்தியாசம் 0.4, விடை 9.5. சாதாரண வெள்ளைக் கல் 2.6 அளவில் நிற்கும். இல்மனைற்றும் மக்னரைற்றும் 5 அளவில் வரும். ஈயத் தாதுவான கலீனா 7.5. தோரியனைற்றோ 9க்கு மேல். அரிசி அரிப்பது போல மண்ணை அரித்தால் இத்தகைய கற்கள் கடைசிவரை அடியிலேயே தங்கிவிடுவதன் காரணமும் இதுவே.

பிறகு வடிவம். தோரியனைற் தாயக்கட்டை போன்ற சிறு சதுரக் கட்டியாக இருக்கும். ஆற்றில் உருண்டதால் மூலைகள் மழுங்கியிருக்கும். கலீனாவும் சதுரக் கட்டிதான். ஆனால் அது ஈயச் சாம்பல் நிறம், கத்தியால் இலகுவில் கீறுபடும்.

காந்தத்தில் ஒட்டாமல், 9க்கு மேல் நிறுத்து, சதுரமாகவும் இருந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். ஓட்டில் தேய்க்கவோ சுத்தியலால் உடைக்கவோ கூடாது. தோரியம் கதிர்வீசும் பொருள். அதன் தூள் மூச்சோடு உள்ளே போனால் உடம்பில் தங்கித் தீங்கு செய்யும். சற்று நேரம் கையில் பிடித்ததற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பதும், தாயம் உருட்டப் பிள்ளைகளிடம் கொடுப்பதும் கூடவே கூடாது. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே சாப்பிடுங்கள்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் தோரியனைற்றை எதிர்பார்க்க வேண்டாம். அங்கு கிடைக்கும் கறுத்த பாரமான துண்டு பெரும்பாலும் மனிதர் விட்டுச்சென்ற இரும்பாகவே இருக்கும். சண்டை நடந்த நிலத்தில், கண்ணிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்கப்படாத இடத்தில், இனந்தெரியாத உலோகப் பொருள் எதையும் காந்தம் வைத்துப் பார்க்கக்கூடத் தொடாதீர்கள்.

1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி கனியங்கள் அரசுக்குரியவை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டி விற்க முடியாது. எனவே இரகசியமாக வாங்க வருபவரை நம்பி மேலும் குழி தோண்ட வேண்டாம். சந்தேகமான கல்லை மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கிராம அலுவலர் மூலம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கு அறிவியுங்கள். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எந்தத் திகதியில் எடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிப் பேணியில் ஒட்டிவிடுங்கள்.