பாலத்துக்கு அங்கால்

பாரிசுக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் நான் நெடுநாளாக ஒரே பாதையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் வரை நடை. சாறிக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டி. பிறகு ஈபிள் கோபுரம். ரயில் பாதைக்கு மேலால் போகும் பாலத்தை மட்டும் தாண்டவிடமாட்டேன். "அங்கால போகாதேங்கோ, களவு கூட" என்று வந்த புதிதில் எனக்குச் சொன்னார்கள். அதையே நானும் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா மரவள்ளிக்கிழங்கு கேட்டார். எங்கள் கடைகளில் அன்று கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பாலம் தாண்டி, ஆபிரிக்கக் கடைகள் நிறைந்த ஷத்தோ ரூஜ் வரை நடந்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மரவள்ளி, வெண்டிக்காய், கருவாடு, பெரிய வாழைக்காய் எல்லாம் தெருவிலேயே குவிந்து கிடந்தன. விற்ற பெண் கிழங்கின் நுனியை முறித்து, நார் இல்லை என்று காட்டினார். ஊர்ச் சந்தையில் செய்வதும் அதுதானே. அத்தனை வருடம் அங்கே போகாமல் இருந்தது எனக்கு நட்டம்.

போன கோடையில் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் பிள்ளைகளோடு வந்தபோது வேறு விதமாகக் கூட்டிப் போனேன். நீங்களும் அப்படிப் போகலாம்.

மெட்ரோ இரண்டாம் இலக்கத்தில் பார்பேஸ் நிலையத்தில் ஏறி, அடுத்த நிலையமான லாச்சப்பலில் இறங்குங்கள். இங்கே ரயில் நிலத்துக்கு மேலே ஓடுகிறது. கார் து நோரின் தண்டவாளங்கள் விரிந்து கிடப்பது யன்னலில் தெரியும். முதலில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகரைக் கும்பிடுங்கள். 1985இல் தொடங்கிய கோயில் இது. ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ தேர் வரும். அந்த ஞாயிறு தெருவெல்லாம் தேங்காய்த் தண்ணீர்தான். தேருக்கு வருபவர்கள் வெள்ளன வந்துவிடுங்கள்; பத்து மணிக்குப் பிறகு நிற்க இடம் தேடவேண்டியிருக்கும்.

லாச்சப்பல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பூஃப் து நோர் என்ற நாடக அரங்கு இருக்கிறது. எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் அதன் வாசலைத் தாண்டித்தான் கறிச்சாமான் வாங்கப் போகிறோம். 1876இல் கட்டிய அரங்கு. பாழடைந்து கிடந்ததை 1974இல் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் மறுபடி திறந்தார். பழைய சுவர்களுக்குப் புதுப் பூச்சுப் பூசாமல், காயங்களோடு அப்படியே விட்டார். கோயில் தொடங்கிய அதே 1985இல் அவருடைய மகாபாரதம் அவிஞ்ஞோன் நாடக விழாவில் அரங்கேறி இந்த மேடைக்கு வந்தது. ஏறக்குறைய ஒன்பது மணி நேர நாடகம். அதில் பீஷ்மர் யார் தெரியுமா? சோத்திகி குயாத்தே, மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில் பிறந்தவர். வம்ச வரலாறுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிச் சொல்லும் கிரியோ குலத்தவர். எங்கள் பாணர் மரபுக்குக் கிட்ட வரும். 1989இல் வந்த திரைவடிவத்திலும் பீஷ்மர் அவர்தான். வருமுன் அதைப் பார்த்துவிடுங்கள். நெடிது மெலிந்த அந்த உருவம்தான் இன்று என் மனதில் பீஷ்மர்.

அங்கிருந்து ஜெசேன் தெருப் பாலம் இரண்டு நிமிடம். தாண்டியதும் சென் பெர்னார் தேவாலயம். இங்கே கட்டாயம் நில்லுங்கள். 1996 கோடையில் ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் மாலிக்காரரும் செனகல்காரரும், வதிவிட அட்டை கேட்டு இந்தத் தேவாலயத்துக்குள் இருந்தார்கள். சிலர் உண்ணாவிரதம். ஓகஸ்ட் 23 காலை பொலிஸ் கோடரியால் கதவை உடைத்து உள்ளே போனது. அந்த 'காட்' கிடைக்குமா கிடைக்காதா என்று வருடக்கணக்கில் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான். அந்தக் கதவின் முன்னால் நின்று மச்சாளின் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது எனக்குக் குரல் தழுதழுத்தது.

பிறகு துணிக்கடைகள். 'வக்ஸ்' என்ற அந்தப் பளீர்த் துணியை ஆபிரிக்கத் துணி என்றுதான் நினைத்திருந்தேன். ஜாவாவின் பத்திக்கைப் பார்த்து ஒல்லாந்தர் இயந்திரத்தில் அச்சடித்து மேற்கு ஆபிரிக்காவில் விற்றதாம். பெரும்பாலும் ஆறு யார் துண்டாக விற்கிறார்கள். எங்கள் சேலையின் நீளம்! மச்சாள் ஒன்று வாங்கினார்.

பசித்தால் செனகல் கடை ஒன்றில் செபுஜென் கேளுங்கள். மீனும் மரக்கறியும் சேர்த்து ஒரே சட்டியில் சமைத்த சோறு. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உறைப்பு மிளகாயைச் சாப்பாட்டின் ஓரத்தில் முழுதாக வைப்பார்கள். எங்கள் நாக்குக்கும் அது கொஞ்சம் கூடத்தான், நுனியை மட்டும் தொடுங்கள்.

கடைக்குள் நுழைந்தவுடன் "பொன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கும். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கவேண்டாம். அங்கே வதிவிடக் காகிதம் இல்லாமல் நிற்பவர்களும் இருக்கிறார்கள், படத்தில் விழுவது அவர்களுக்கு ஆபத்து. கைப்பையை முன்னால் போடுங்கள், ஆனால் அதை லாச்சப்பலிலும் செய்யவேண்டும். பார்பேஸ் மெட்ரோவுக்குக் கீழே புதன், சனி காலையில் மரக்கறிச் சந்தை கூடும். நெரிசல் பிடிக்காதவர்கள் மற்ற நாட்களில் வாருங்கள்.

இனி எங்கள் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பாலம் பகல் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது.