கிராம சபையில் உங்கள் வாயை அடைத்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"ஊர்ச் சாக்கடை நேரா ஆத்துல விழுதே, என்ன செய்யப் போறீங்க?" என்று கிராம சபையில் எழுந்து கேட்கிறீர்கள். "அது இன்னைக்கு அஜெண்டாவுல இல்ல, உக்காருங்க" என்கிறார்கள். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. தாமிரபரணிக் கரை ஊர்களில் இப்படி வாயடைத்து வீடு திரும்பியவர்கள் நிறைய. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போன ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியதில், இதே ஆற்றில் 17 உயிர்கள் போயின. கேட்கும் உரிமைக்கு இவ்வளவு விலை கொடுத்த நெல்லை மாவட்டம் இது. அந்த உரிமையை விட்டுவிடாதீர்கள். அதே சமயம் வம்பிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. கோரிக்கையைத் தீர்மானமாகவே எழுதிக் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். எந்தத் தெருச் சாக்கடை, ஆற்றில் எங்கே விழுகிறது, யார் எந்தத் தேதிக்குள் தடுக்க வேண்டும் என்று இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

2. நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "மனுவே வரலை" என்று பிறகு சொல்ல முடியாது.

3. வாக்காளர் அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள், "நீ யாரு கேக்க?" என்பதற்கு அதுவே பதில்.

4. நாலைந்து பேராகப் போய்த் தனித்தனியாக உட்காருங்கள். ஒருவரை உட்கார வைத்தால் அடுத்தவர் அதே கேள்வியோடு எழலாம்.

5. தலையை எண்ணுங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கோரம் இல்லாமல் நிறைவேற்றிய தீர்மானத்தை நீங்கள் ஆட்சேபிக்கலாம்.

6. கூட்டம் முடியுமுன் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனபின் பதிவேட்டில் என்ன ஏறும் என்று உங்களுக்குத் தெரியாது.

7. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகல் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

8. குவாரி, தொழிற்சாலைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் எழுத்திலும் கருத்து கொடுங்கள். மைக் கிடைக்காவிட்டாலும் தாள் கோப்பில் ஏறும். கூட்டத்தை வீடியோ எடுப்பதும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கட்டாயம்.

9. ஊரில் அசையாவிட்டால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள், முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கும் போன் செய்யுங்கள். மனு எண் கையில் இருந்தால்தான் பின்தொடர முடியும்.

செய்யக்கூடாதவை

1. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைக்கு என்று நீட்டும் நோட்டில் தலைப்பும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதே கையெழுத்து உங்களுக்கு எதிரான தீர்மானத்துக்கும் ஆதரவாகிவிடும்.

2. மைக்கைத் திருப்பிப் பிடுங்காதீர்கள், அதிகாரி மீது கை வைக்காதீர்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு வந்தால், சாக்கடையை மறந்து ஸ்டேஷனுக்கு அலைவீர்கள்.

3. கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகாதீர்கள். நீங்கள் போனதும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக எழுதிவிடுவார்கள். உட்கார்ந்து ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

4. ஆத்திரத்தில் ஆளைத் திட்டிப் பதிவு போடாதீர்கள். நெல்லை கலெக்டர் ஆபீசில் ஒரு குடும்பம் தீக்குளித்து இறந்ததைக் கண்டித்துக் கார்ட்டூன் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாலாவையே 2017 நவம்பரில் சென்னையில் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. முடிவை விமர்சியுங்கள், ஆதாரத்தோடு.

5. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். அட்மின் நினைத்தால் உங்களையும் தூக்கிவிடுவார், பதிவையும் அழித்துவிடுவார். அதற்கு ரசீது கிடையாது.

6. வீடியோவை வெட்டிப் பரப்பாதீர்கள். முழுப் பதிவுதான் ஆதாரம். வெட்டியது உங்கள் மீதே திரும்பும்.

7. ஒரே மனுவில் பத்து குறையை அடுக்காதீர்கள். சுலபமான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு முழு மனுவையும் முடித்துவிடுவார்கள்.

8. ஒரிஜினல் ஆவணத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுப்பது நகலாகவே இருக்கட்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: கிராம சபை கூடும் நாட்கள் இவை. அடுத்தது எது என்று பாருங்கள். இன்று ராத்திரியே தீர்மானத்தை எழுதி, தெருவில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.