புதிய கணினியில் அதே விடை

நுழையும்முன்

ஆய்வுக்கூடத்தில் ஒருவர் செய்த சோதனையை மற்றொருவர் செய்து அதே முடிவைப் பெறும்போதுதான் அம்முடிவு நம்பத்தக்கதாகிறது. கணினியில் தரவுகளைப் பகுத்தாயும் பணிக்கும் இது பொருந்தும். புதிய கணினியில் தரவுப் பகுப்பாய்வுக்கான நிரலாக்கச் சூழலை அமைக்கும் முறையையும் அதில் கொள்ளவேண்டிய கவனத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

கணக்கைச் சரிபார்த்த மாணவர்

பொருளியல் அறிஞர்களான கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் 2010ஆம் ஆண்டு ஒரு கட்டுரையை வெளியிட்டனர். அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைக் கடந்தால் வளர்ச்சி பெரிதும் குறையும் என்று அக்கட்டுரை கூறியது. அரசுகள் செலவைக் குறைக்கவேண்டும் என்று வாதிட்டோர் அதனைச் சான்றாகக் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் செய்தபோது விடை பொருந்தவில்லை. கட்டுரையாளர்களிடமிருந்தே அவர்களது விரிதாளைப் பெற்று ஆராய்ந்தார். சராசரி காணும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. இது 2013இல் வெளிப்பட்டது. கட்டுரையாளர்களும் அப்பிழையை ஏற்றனர்.

விரிதாளில் கணக்கிடும் வழி கட்டங்களுக்குள் மறைந்திருக்கிறது. நிரலிலோ ஒவ்வொரு படியும் வரிவரியாக எழுதப்பட்டிருப்பதால் எவரும் படித்துச் சரிபார்க்க முடியும். ஆய்வாளர்கள் பலர் நிரல்மொழிகளை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றுள் புள்ளியியலுக்கென்றே உருவானது ‘ஆர்’ மொழி.

தெரிந்து தெளிவோம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் ‘ஆர்’ மொழியை உருவாக்கினர். இருவர் பெயரின் ஆங்கில முதலெழுத்தும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘எஸ்’ என்னும் முன்னோடி மொழியும் இப்பெயருக்குக் காரணமாயின. இதன் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. இது கட்டற்ற மென்பொருள்.

நிறுவும் முறை

முதலில் ‘கிரான்’ என்னும் இணையக் களஞ்சியத்திலிருந்து, கணினியின் இயங்குதளத்திற்கு ஏற்ற ஆர் மென்பொருளைப் பெற்று நிறுவவேண்டும். அடுத்து ‘ஆர் ஸ்டுடியோ’ என்னும் மென்பொருளை நிறுவலாம். கணக்கிடுவது ஆர், நிரல் எழுதுவதற்கும் விடைகளையும் வரைபடங்களையும் பார்ப்பதற்கும் வசதியான பணிமேசை ஆர் ஸ்டுடியோ. ஆர் இல்லாத கணினியில் இம்மேசை மட்டும் இருந்தால் ஆர் நிரல்கள் இயங்கமாட்டா. பின்னர், ஆய்வுக்குத் தேவையான துணைத்தொகுப்புகளைக் கிரானிலிருந்து பெறவேண்டும். தொகுப்பை ஒருமுறை நிறுவினால் போதும். ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் நிரலின் தொடக்கத்தில் அழைக்கவேண்டும்.

ஒவ்வோர் ஆய்வுக்கும் தனிக் கோப்புறை தேவை. அதனுள் மூலத்தரவு, நிரல், முடிவு ஆகியவற்றைத் தனித்தனியே வைக்கவேண்டும். மூலத்தரவைத் திருத்தலாகாது, திருத்தங்களை நிரலின் வழியாகவே செய்யவேண்டும். கோப்பின் முழு முகவரியை நிரலில் எழுதினால் வேறொரு கணினியில் அது இயங்காமல் போகும். ஆய்வுக் கோப்புறையிலிருந்து தொடங்கும் முகவரியே எங்கும் பொருந்தும். முந்தைய பணியின் நினைவகத்தைச் சேமித்து மீட்கும் வசதியையும் நிறுத்திவைப்பது நன்று. இல்லையெனில், நிரலில் ஒரு வரி விடுபட்டிருந்தாலும் பழைய மதிப்புகள் அக்குறையை மறைத்துவிடும்.

பதிப்பு மாறினால் விடையும் மாறலாம்

ஓர் ஊரின் 500 வீடுகளிலிருந்து 50 வீடுகளைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். தொடக்க எண் ஒன்றைக் கொடுத்தால், நிரலை எத்தனை முறை இயக்கினாலும் அதே 50 வீடுகள் கிடைக்கும். ஆனால், 2019இல் வந்த 3.6.0 பதிப்பில் தேர்ந்தெடுக்கும் கணிப்புமுறை மேம்படுத்தப்பட்டது. ஆகவே, அதே தொடக்க எண்ணுக்குப் பழைய பதிப்பு ஒரு பட்டியலையும் புதிய பதிப்பு வேறொரு பட்டியலையும் தரும். 2020இல் வந்த 4.0.0 பதிப்பு, அட்டவணையிலுள்ள சொற்களைத் தானாகவே வகைப்பாடுகளாக மாற்றும் பழைய வழக்கத்தைக் கைவிட்டது.

தமிழ்த் தரவுகளுக்கும் இதில் பங்குண்டு. முன்பு விண்டோஸ் இயங்குதளத்தில் தமிழ் ஊர்ப்பெயர்கள் பலவேளைகளில் எழுத்துகளாகத் தோன்றாமல் குறியீட்டெண்களாகத் தோன்றின. 2022இல் வந்த 4.2.0 பதிப்பு, அண்மைய விண்டோஸ் கணினிகளில் ‘யுடிஎஃப்-8’ என்னும் எழுத்துக் குறியாக்கத்தை இயல்பாக ஏற்றது. தமிழ்க் கோப்புகளை அக்குறியாக்கத்திலேயே சேமிப்பது பிழையைத் தவிர்க்கும்.

சூழலையும் பதிவுசெய்தல்

நிரலோடு அது இயங்கிய சூழலையும் பாதுகாக்கவேண்டும். ‘ரென்வ்’ என்னும் தொகுப்பு, ஓர் ஆய்வில் பயன்பட்ட துணைத்தொகுப்புகளின் பெயர்களையும் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் பதிவுசெய்கிறது. புதிய கணினியில் அக்கோப்பைக் கொண்டு அவற்றை மீட்டெடுக்கலாம். ஆர் மொழியின் பதிப்பு எண்ணையும் அது குறித்துவைக்கும். எனினும் அப்பதிப்பை ஆய்வாளரே நிறுவவேண்டும்.

இறுதியாக, ஆர் மென்பொருளை மூடித் திறந்து, நிரலை முதல் வரியிலிருந்து இயக்கி, கிடைக்கும் விடையைப் பழைய விடையோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் சூழல் முறையாக அமைந்துள்ளது எனக் கொள்ளலாம். வேறுபட்டால், காரணத்தை அறியும்வரை எவ்விடையையும் வெளியிடலாகாது. விடையோடு அதனைப் பெற்ற வழியையும் பிறர் சரிபார்க்குமாறு திறந்துவைப்பதே ஆய்வாளரின் நேர்மை.