கனிட்ட வகுப்புக்களிற் கரப்பந்தாட்டம் கற்பிக்கும் முறை

விளையாட்டைப் பாடத்தின் இடையே வரும் இளைப்பாறுதல் என்று கருதுவார் பலர். அதுவும் பாடமே என்பது எமது துணிபு. நம் நாட்டில் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள மாணாக்கர் பயிலும் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்னும் பாடத்திற் கரப்பந்தாட்டம் இடம்பெற்றுள்ளது. 1991ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டதும் இதுவே. ஆயினும், வகுப்பறைக்கு வெளியே நாம் அடிக்கடி காண்பது யாது? ஒரு பந்து வீசப்படும். வல்லார் பன்னிருவர் ஆடுவர். ஏனையோர் மதிலோரத்தில் அமர்ந்திருப்பர். அவ்வாறு அமர்ந்திருக்கும் பிள்ளை கரப்பந்தாட்டத்தைக் கற்கவில்லை. விளையாட்டுத் தனக்குரியதன்று என்பதையே கற்கின்றது. பன்னிரண்டு வயதிற் பதிந்த அவ்வெண்ணம் பின்னர் எளிதில் நீங்குவதில்லை.

இவ்வாட்டம் பிறந்த வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கூடைப்பந்தாட்டம் தோன்றியது. அது நடுவயதினர்க்குக் கடுமையாயிருத்தலைக் கண்ட வில்லியம் மோர்கன் என்பார், 1895இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் வேறோர் ஆட்டத்தை வகுத்தார். தென்னிசு வலையை ஆறரை அடி உயரத்திற் கட்டி, எத்தனை பேரும் ஆடலாம் என விதித்தார். அதே சங்கத்தின் வாயிலாக 1916ஆம் ஆண்டிற் கொழும்பை அடைந்த ஆட்டம் பின்னர் நம் ஊர்கள்தோறும் பரவிற்று. எனவே, வலிமை குன்றியோரும் ஆடவேண்டும் என்னும் நோக்கமே இதன் வித்து. ஆடுவோர்க்கேற்ப ஆட்டத்தை அமைத்தார் மோர்கன். ஆசிரியரும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

இன்றைய விதிப்படி ஆடுகளம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. வலையின் உயரம் ஆடவர்க்கு 2.43 மீற்றர்; மகளிர்க்கு 2.24 மீற்றர். இவை வளர்ந்தோர்க்குரிய அளவுகள். ஆறாந் தரப் பிள்ளையை அவ்வலையின் கீழ் நிறுத்துதல், அரிச்சுவடி பயில்வோன் கையிற் காப்பியத்தைக் கொடுத்தலை ஒக்கும். பிள்ளை கையை உயர்த்தி நிற்க, விரல் நுனிக்கு ஒரு சாண் மேலே கயிறு இருந்தாற் போதும். ஒரு பக்கத்துக்கு மூவர் போதும். ஆறு மீற்றர் நீளமுள்ள சிறு களமும் போதும்.

பண்டாரவளையிலுள்ளோர்க்கு வேறோர் இடர் உண்டு. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலுள்ள இம்மலைப்பாங்கிற் சமநிலம் அரிது. அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகள் சிலவற்றில், தவறிய பந்து தேயிலைச் செடிகளினூடே உருண்டு சென்றால், அதை எடுத்து வருதற்கே பாடவேளையிற் பாதி கழியும். இதற்கு யாம் கைக்கொள்ளும் முறை எளியது. கயிற்றைச் சரிவுக்குக் குறுக்கே கட்டாது, மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி நிலத்தின் சாய்வுக்கு இணங்கக் கட்டுதல் வேண்டும். அப்போது இரு பக்கத்தாருக்கும் நிலம் ஒத்திருக்கும். கயிற்றின் உயரமும் எங்கும் ஒன்றாயிருக்கும். பந்து பள்ளத்துப் புறமாகவே உருளும்; ஆங்கு இருவரை முறைவைத்து நிறுத்தினால் அது தொலையாது. இரு சவுக்கு மரங்களும் ஒரு தும்புக் கயிறும் இருப்பின் களம் ஆயத்தமாகிவிடும்.

காற்றையும் கருதுதல் வேண்டும். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குச் சிறந்த மணத்தை நல்குவது. ஆனால் உயர எழுந்த பந்தை அலைக்கழிப்பதும் அதுவே. அம்மாதங்களிற் பந்தைத் தாழ்வாக ஆடும் பயிற்சிகளையும், காற்றடங்கிய காலை வேளைகளில் விரல்களால் உயர்த்தும் பயிற்சிகளையும் வைத்துக்கொள்ளலாம்.

இனி, எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து. அது நிமிடத்துக்குப் பதினைந்து முறை தொடப்படுகின்றது எனக் கொள்வோம். இருபது நிமிடத்தில் முந்நூறு தொடுகை. பகிர்ந்தாற் பிள்ளைக்கு ஏழோ எட்டோ ஆகும். அவற்றையும் வல்லார் நால்வரே பெரும்பாலும் பறித்துக்கொள்வர். ஐவர்க்கு ஒன்றாக எட்டுப் பந்துகள் இருப்பின், ஒவ்வொருவர்க்கும் அறுபது தொடுகை கிட்டும். எட்டும் தோற்பந்தாயிருத்தல் வேண்டியதில்லை. விதிக்குரிய பந்து 260 முதல் 280 கிராம் வரை நிறையுடையது. மென்மையான முன்னங்கைக்கு அது நோவு தரும். நோவுக்கு அஞ்சிய பிள்ளை பந்தைக் கண்டு விலகும். ஆதலின் தொடக்கத்தில் இலேசான பிளாஸ்டிக் பந்தே நன்று.

கற்பிக்கும் வரிசை வருமாறு. முதலாவது, பந்தைப் பிடித்துக் கயிற்றுக்கு மேலாக எறிதல். இதனாற் பந்து விழுமிடத்துக்கு முன்னரே ஓடிச்செல்லும் பழக்கம் உண்டாகும். இரண்டாவது, முன்னங்கையாற் பெறுதல். கால்களைத் தோளகலத்தில் வைத்து, முழங்கால்களை மடித்து, ஒரு கைவிரல்களின்மேல் மறு கைவிரல்களை அமைத்து, பெருவிரல்கள் இரண்டையும் இணையாகச் சேர்த்தல் வேண்டும். முழங்கை மடியலாகாது. பந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே படுதல் வேண்டும். கையை வீசாது, காலின் உந்தலாற் பந்தை எழுப்புக. மூன்றாவது, நெற்றிக்கு மேலே விரல்களைக் கிண்ணம்போல் விரித்துப் பந்தை உயர்த்துதல். நான்காவது, நான்கைந்து மீற்றர் தூரத்திலிருந்து கீழ்க்கையாற் பந்தைப் பணித்தல். அறைதலும் தடுத்தலும் இவற்றின் பின்னரே. பிள்ளைகள் முதல் நாளிலேயே அறைதலை விரும்புவர், ஆசிரியர் இசையலாகாது.

மூன்று தொடுகைகளின் இயைபைத் தமிழாசிரியராகிய யாம் வாக்கியத்தைக் கொண்டு விளக்குவதுண்டு. முதலிற் பெறுபவர் எழுவாய். இடையில் உயர்த்துபவர் செயப்படுபொருள். முடிவில் எதிர்க்களத்துக்கு அனுப்புபவர் பயனிலை. பயனிலை ஒன்றே வாக்கியமாகிவிடும் என்று எண்ணி முதற்றொடுகையிலேயே பந்தை அப்பால் அடிப்பவனுக்கு, 'எழுவாயும் செயப்படுபொருளும் எங்கே?' என்று கேட்டால், வகுப்பே சிரித்து விளங்கிக்கொள்ளும்.

தடுத்தல் ஒழிந்த இடங்களில் ஒருவரே பந்தை அடுத்தடுத்து இருமுறை தொடலாகாது என்பது இவ்வாட்டத்தின் விதி. பந்து பணிக்கும் உரிமையைப் பெறும் பக்கத்தார் இடம் மாறிச் சுழலவேண்டும் என்பதும் விதி. ஆகவே குள்ளரும் முன்வரிசைக்கு வருவர். நெடியரும் பின்வரிசைக்குச் செல்வர். பந்து பணிக்கும் முறை அனைவர்க்கும் கிட்டும். பகிர்தலை விதியாகவே கொண்ட ஆட்டத்தைச் சிலர்க்கு மட்டும் உரியதாக்குதல் ஆட்டத்துக்கே முரணாகும். ஒதுங்கி நிற்கும் பெண்பிள்ளைகளையும் முதல் நாளிலேயே குழுக்களிற் சேர்த்துவிடுதல் வேண்டும்; எட்டாந் தரத்தில் அழைத்தால் நாணம் தடுக்கும்.

மதிப்பீடும் இதற்கேற்ப அமைக. யார் வென்றார் என்று எண்ணாது, பந்து நிலத்தில் விழாமல் எத்தனை முறை கயிற்றைக் கடந்தது என்று ஒவ்வொரு குழுவும் எண்ணட்டும். சென்ற கிழமை ஐந்து, இக்கிழமை ஒன்பது என்று கூறும் பிள்ளையின் முகத்தைக் கண்ட ஆசிரியர்க்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பரீட்சை நெருங்குங்கால் முதலிற் கைவிடப்படும் பாடவேளை உடற்கல்வியே. கல்லூரி அணிக்குப் பயிற்சி நின்றுவிடுவதில்லை. இழப்பவர்கள் அணியிற் சேராத பிள்ளைகளே. கிழமைக்கொரு முறை கிட்டும் அந்த நாற்பது நிமிடத்தைக் காத்தல் அதிபரும் ஆசிரியரும் ஆற்றவேண்டிய கடன்.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விழாக் காலத்தில் வெற்றிக்கிண்ணம் வழங்கும் வழக்கம் நன்று. ஒரு கிண்ணம் ஓர் அணியைச் சேரும்; அவ்விலைக்கு வாங்கும் பந்துகளோ ஒரு வகுப்பு முழுவதையும் சேரும். இவ்வாண்டு கிண்ணத்தோடு சில பந்துகளையும் ஒரு கட்டுக் கயிற்றையும் சேர்த்து அனுப்புங்கள். மரங்கள் எம்மிடம் உள்ளன.